எல்லாச் சோதனையிலும் தேறிய சாம்பியன் மீது சந்தேகம்: எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம்?

கேள்வி இதுதான். மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி ஃபிரான்ஸின் 2024 பதிப்பில், 15-ஆம் கட்டத்தில், சாம்பியன் தடேய் போகாச்சர் பிளாட்டோ டி பெய் மலையை ஏறத்தாழ 40 நிமிடத்தில் ஏறி முடித்தார். 1998-ல் இத்தாலிய வீரர் மார்கோ பன்டானி எடுத்துக்கொண்டதைவிட இது மூன்றரை நிமிடம் குறைவு. பன்டானியின் காலம் ஊக்கமருந்து ஆறாக ஓடிய காலம். அவரையே இவ்வளவு வித்தியாசத்தில் தாண்டுபவர் சுத்தமானவராக இருக்க முடியுமா? இருக்க முடியாதென்றால், ஒரு சோதனையில்கூட அவர் ஏன் சிக்கவில்லை?

இரண்டு பக்கமும் கையில் எடுப்பது பலவீனமான ஆதாரத்தை. மலையேறிய நேரத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. சோதனையில் தேறியதை வைத்து யாரையும் நிரபராதி என்றும் சொல்ல முடியாது. இதுவரை சாம்பியன்களைக் கவிழ்த்தவை வேறு: ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்த ரத்த அளவுகள், கூட இருந்தவர்களின் வாக்குமூலம், பணம் போன வழி, காவல்துறையின் சோதனை.

முதலில் "சோதனையில் தேறினார்" என்ற வாதம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு டூர் வென்றார். எத்தனையோ சோதனைகளைத் தாண்டிவிட்டேன், ஒன்றிலும் சிக்கவில்லை என்பதே அவருடைய நிரந்தரப் பதில். அவர் சோதனைகளைத் தாண்டியதில் மர்மம் ஒன்றும் இல்லை. இ.பி.ஓ. என்ற ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். அதைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் முறையே 2000-ல்தான் வந்தது. அதற்கு முன்பு இருந்தது 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. கொண்டுவந்த ஒரே ஒரு வரம்பு: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹெமட்டோக்ரிட், 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்டனை இல்லை, உடல்நலம் கருதி இரண்டு வாரம் ஓய்வு, அவ்வளவுதான். இயற்கையாக 42 இருப்பவர் மருந்தேற்றி 49-க்குப் போனால் விதிப்படி தவறே இல்லை. தடுக்க வைத்த வரம்பு, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காக மாறிவிட்டது. பன்டானியே 1999-ல் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் முன்னணியில் இருந்தபோது 52 சதவீதம் காட்டித்தான் வெளியேற்றப்பட்டார். 1998 டூரில் சேகரித்து வைத்திருந்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அவருடையதில் இ.பி.ஓ. இருந்ததை 2013-ல் பிரெஞ்சு செனட் குழு வெளியிட்டது.

வரம்பை ஏமாற்றும் வேலைகளும் நுணுக்கமானவை அல்ல. 1998-ல் நெதர்லாந்தின் வால்கன்பர்க்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின்போது சோதனை அதிகாரி தங்குமிடத்துக்கே வந்துவிட்டார். ஆம்ஸ்ட்ராங்கின் அணி மருத்துவர் ஒரு லிட்டர் சலைன் (உப்புநீர்) பையை மழைக்கோட்டுக்குள் மறைத்து, அந்த அதிகாரியைக் கடந்தே எடுத்துப் போய் ஏற்றினார். ரத்தம் நீர்த்தது, ஹெமட்டோக்ரிட் இறங்கியது, சோதனையில் தேறிவிட்டார். இது அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யுசாடாவின் 2012 அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. இ.பி.ஓ. சோதனை வந்த பிறகு முறை மாறியது. தோலுக்கடியில் போட்ட ஊசியை நேரடியாக ரத்தநாளத்தில் போட்டார்கள், அளவைக் குறைத்தார்கள், இரவில் போட்டார்கள். காலையில் சிறுநீர் கேட்டு ஆள் வரும்போது மருந்து கண்டறியும் அளவுக்குக் கீழே போயிருக்கும். கூடவே சொந்த ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துக் குளிர்பதனத்தில் வைத்து, பந்தயத்தின் நடுவில் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். சொந்த ரத்தத்தில் அந்நியப் பொருள் ஏது? அதை நேரடியாகக் கண்டுபிடிக்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை இன்றைக்கும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2008-ல் யு.சி.ஐ. 'உயிரியல் கடவுச்சீட்டு' முறையைக் கொண்டுவந்தது. இது மருந்தைத் தேடுவதில்லை. மருந்து உடலில் விட்டுச்செல்லும் தடத்தைத் தேடுகிறது. ஒரே வீரரின் ரத்தத்தை ஆண்டு முழுக்க எடுத்து, அவரை அவரோடே ஒப்பிடும்.

இதில் முக்கியமான எண்கள் இரண்டு. ஒன்று ஹீமோகுளோபின், லிட்டருக்கு எத்தனை கிராம் என்று. இன்னொன்று ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணு, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று. இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு உண்டு. ரெட்டிகுலோசைட் சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கி, அதை ஹீமோகுளோபினிலிருந்து கழிக்க வேண்டும். இதற்கு 'ஆஃப்-ஸ்கோர்' என்று பெயர்.

எண்களைப் போட்டே பார்க்கலாம். சாதாரண நாளில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 148, ரெட்டிகுலோசைட் 1.0 என்றால் ஸ்கோர் 88. அவர் உடலிலிருந்து ஒரு பை ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் 140-க்கு இறங்கலாம். இழந்ததை ஈடுகட்ட மஜ்ஜை வேகமெடுக்கும், ரெட்டிகுலோசைட் 1.8-க்கு ஏறும், ஸ்கோர் 60-க்குச் சரியும். அந்த ரத்தத்தைத் திரும்ப ஏற்றினால் ஹீமோகுளோபின் 158. தேவைக்கு மேல் சிவப்பணு வந்துவிட்டதால் மஜ்ஜை வேலையை நிறுத்தும், ரெட்டிகுலோசைட் 0.4-க்கு வீழும், ஸ்கோர் 120. தனித்தனியாகப் பார்த்தால் 140-உம் சாதாரணம், 158-உம் சாதாரணம். 60-க்கும் 120-க்கும் இடையே ஊசலாடுவதுதான் சாதாரணம் இல்லை.

மூன்று வார டூரில் இன்னொரு தடயம் கிடைக்கும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் மிதித்தால் உடல் நீரைத் தேக்கி, பிளாஸ்மா பெருகி, ரத்தம் நீர்க்கும். மூன்றாவது வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றால், அல்லது ஓய்வு நாளுக்குப் பிறகு ஏறினால், நிபுணரின் புருவம் உயரும். ஆம்ஸ்ட்ராங் ஓய்வை முறித்துத் திரும்பிய 2009, 2010 டூர்களில் எடுத்த மாதிரிகளில் ரெட்டிகுலோசைட் அசாதாரணமாகத் தாழ்ந்திருந்தது. இது இயற்கையாக நடக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று யுசாடாவுக்காக அதை ஆராய்ந்த நிபுணர் சொன்னார். கடவுச்சீட்டு முறை அமலில் இருந்த காலத்திலேயே அந்த மாதிரிகள் எடுக்கப்பட்டன என்பதையும் கவனியுங்கள். எண்கள் கோப்பில் இருந்தன, யாரும் வழக்காக்கவில்லை.

கடவுச்சீட்டின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். ஹீமோகுளோபின் என்பது செறிவு. நீர் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும். அதனால்தான் ரத்தம் எடுக்கும் முன் வீரர் குறைந்தது 10 நிமிடம் கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி. படுத்திருந்தவருக்கும் நின்றிருந்தவருக்கும் எண் மாறும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நான்கு வாரம் பயிற்சி எடுத்து இறங்கினால் ஹீமோகுளோபின் கூடி ரெட்டிகுலோசைட் குறையும். பார்வைக்கு அது ரத்தம் ஏற்றியதன் மெலிந்த வடிவம் மாதிரியே இருக்கும். எனவே வழக்குப் போட, பெயர் மறைக்கப்பட்ட கோப்பைப் பார்க்கும் மூன்று நிபுணர்களும் ஒருமித்து 'ஊக்கமருந்தாகத்தான் இருக்கும்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் மாறுபட்டாலும் நகராது. இது நியாயமான ஏற்பாடு. ஆனால் விளைவாக, கொஞ்சமாகத் திருடுபவர் வலைக்குள்ளேயே நடமாட இடம் கிடைக்கிறது. இந்த முறை ஏமாற்றை ஒழித்துவிடவில்லை, அதன் அளவைச் சுருக்கியிருக்கிறது. 60 சதவீத ஹெமட்டோக்ரிட்டோடு ஒருவர் டூர் வெல்லும் காலம் போய்விட்டது.

இனி மலையேறிய நேரம். இங்கேதான் இணையத்தில் அதிகம் கூச்சல் நடக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் என்ற கணக்கைப் போட்டு, 'மனிதனால் முடியாது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது, எங்கே ஆடுகிறது என்று பார்த்தால் தெளிவாகும்.

பிளாட்டோ டி பெய் 15.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7.9 சதவீதம். ஏறும் உயரம் ஏறத்தாழ 1,250 மீட்டர். 65 கிலோ வீரர், சைக்கிள், உடை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 73.5 கிலோ என்று வைப்போம். 40 நிமிடத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 375 வாட். டயர் உராய்வுக்கு 19 வாட். மணிக்கு 23.7 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க, தனியாகப் போனால், சுமார் 49 வாட். செயினில் இழப்பு இரண்டரை சதவீதம். மொத்தம் சுமார் 454 வாட், கிலோவுக்கு 7.0. இணையத்தில் உலவும் எண்ணும் இதையொட்டியதே.

இப்போது வீரரின் எடையில் 2 கிலோ தவறு செய்திருக்கிறோம் என்று வையுங்கள். விடை 6.9-க்குத்தான் மாறும். எடைத் தவறு பெரிதாகக் கெடுப்பதில்லை. காற்று கெடுக்கும். பின்னாலிருந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று வீசியிருந்தால், அது கொடியைக்கூட ஒழுங்காக ஆட்டாத காற்று, விடை 6.6. அதே காற்று எதிரே வீசினால் 7.5. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இது ஓரளவு ஈடாகும், முழுதாக ஆகாது. முன்னால் ஒருவர் காற்றை மறைத்துக்கொண்டு போனாலும் கணக்கு இறங்கும். அன்றைக்குப் போட்டியாளர் விங்கெகோரின் அணி அடிவாரத்திலிருந்து வேகத்தைக் கட்டியது, பிறகு விங்கெகோரே தாக்கினார், போகாச்சர் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கடைசி ஐந்து சொச்சம் கிலோமீட்டரில்தான் தனியாகப் பிரிந்தார். மூன்றில் இரண்டு பங்குத் தூரம் அவர் தனியாகக் காற்றை வாங்கவில்லை.

கணக்கு எவ்வளவு தவறலாம் என்பதற்கு அசல் உதாரணம் 2015-ல் இருக்கிறது. லா பியேர் சான் மார்தான் மலையில் கிறிஸ் ஃப்ரூம் எல்லோரையும் உதறிவிட்டுப் போனார். சில நாளில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி கிலோவுக்கு 7.04 வாட் என்று கணக்கிட்டுக் காட்டியது. ஃப்ரூமின் அணி ஓய்வு நாளில் அவருடைய சைக்கிளின் வாட் மீட்டர் பதிவை வெளியிட்டது: 41 நிமிடம் 28 வினாடி, சராசரி 414 வாட், எடை 67.5 கிலோ. வகுத்தால் 6.13. அவர் பயன்படுத்திய நீள்வட்டப் பல்சக்கரத்தால் மீட்டர் 6 சதவீதம் கூட்டிக் காட்டும், உண்மை 5.78 என்றது அணி. இந்தத் தள்ளுபடியை ஏற்காவிட்டாலும் 7.04 எங்கே, 6.13 எங்கே? முதல் எண் தலைப்புச் செய்தி ஆனது. இரண்டாவதைப் பலர் படிக்கவே இல்லை.

ஃப்ரூம் திடீரென்று வந்தவர் என்பதும் அப்போது வைத்த குற்றச்சாட்டு. அதையும் எண்ணால் தொட்டுப் பார்க்கலாம். 2007-ல் சுவிட்சர்லாந்தில் எடுத்த சோதனையில் அவருடைய உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கிலோவுக்கு நிமிடத்தில் 80.2 மில்லி, எடை 75.6 கிலோ. 2015-ல் 84.6, எடை 69.9. எடையால் பெருக்கினால் 2007-ல் நிமிடத்துக்கு 6.06 லிட்டர், 2015-ல் 5.91 லிட்டர். இன்ஜின் பெரிதாகவில்லை, வண்டியின் பாரம் குறைந்தது. இதனால் அவர் சுத்தம் என்று நிரூபணமாகாது, எடையை எப்படிக் குறைத்தார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆனால் 'கழுதை குதிரையானது' என்ற வாதம் இந்த எண்களுக்கு முன் நிற்காது.

பன்டானியோடு ஒப்பிடும்போது 26 ஆண்டு இடைவெளியையும் கணக்கில் சேருங்கள். சைக்கிளில் ஒன்றரை கிலோ குறைந்தால் 40 நிமிட ஏற்றத்தில் 40 வினாடிபோல் மிச்சமாகும். டயர் அகலமாகி உராய்வு குறைந்திருக்கிறது. உடையும் உட்காரும் விதமும் காற்றுச் சுரங்கத்தில் செதுக்கப்பட்டவை. எல்லாவற்றையும்விட முக்கியம் சாப்பாடு: இன்றைக்கு மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது, அன்று அதில் பாதி போனாலே அதிகம். நீண்ட கட்டத்தின் கடைசி மலையில் எரிபொருள் தீராமல் இருப்பது பெரிய விஷயம். இவையெல்லாம் மூன்றரை நிமிடத்தை முழுக்க விளக்குமா? என் கணிப்பில் பெரும்பகுதியை விளக்கும், எல்லாவற்றையும் அல்ல. அன்று 1 நிமிடம் 8 வினாடி பின்னால் வந்த விங்கெகோரும், 2 நிமிடம் 51 வினாடி பின்னால் வந்த எவெனபூலும் பன்டானியின் நேரத்தை முறியடித்தவர்கள்தான். மூன்று வெவ்வேறு அணிகள். ஒரே நாளில் மூவரும் தாண்டினால், அந்த நாளின் காற்றும் பந்தயம் போன விதமும் காலத்தின் மாற்றமும் அதில் கலந்திருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாம்பியன்கள் உண்மையில் எப்படி விழுந்தார்கள் என்பதற்கு வருவோம். ஆம்ஸ்ட்ராங்கின் குட்டை உடைத்தது ஆய்வகம் இல்லை. 2010-ல் முன்னாள் சகவீரர் ஃப்ளாய்ட் லாண்டிஸ் எழுதிய மின்னஞ்சல்களில் தொடங்கியது. யுசாடாவிடம் 26 பேர் சாட்சி சொன்னார்கள், அவர்களில் 11 பேர் அவருடைய பழைய அணித் தோழர்கள். ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து மருத்துவர் மிக்கேலே ஃபெராரியின் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் போன கணக்கு வங்கிப் பதிவாகக் கிடைத்தது. 1999-லேயே கார்ட்டிசோன் வகை மருந்து ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் தென்பட்டபோது, இருக்கைப் புண்ணுக்கான களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச்சீட்டால் பூசி மெழுகியதை, அணியில் மசாஜ் செய்த எம்மா ஓரைலி வெளியே சொன்னார். அதற்காக அவர் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. அவர் சொன்னதை அன்றே காதுகொடுத்துக் கேட்டிருந்தால் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

2019-ல் ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு உலகச் சாம்பியன்ஷிப் நடந்த இடத்தில் காவல்துறை புகுந்தபோது, ஒரு வீரர் கையில் ரத்தம் ஏற்றும் குழாயோடு பிடிபட்டார். ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகர மருத்துவர் ஒருவர் நடத்திய அந்த வலையில் தொழில்முறைச் சைக்கிள் வீரர்களும் இருந்தார்கள். அதன் முதல் நூல் கிடைத்தது ஒரு வீரர் தொலைக்காட்சியில் மனம் திறந்து பேசியதிலிருந்து. 2007 டூரில், முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியோடு இருந்த மிக்கேல் ராஸ்முசனை அவருடைய அணியே வீட்டுக்கு அனுப்பியது. காரணம் மருந்து அல்ல, பயிற்சி எங்கே எடுத்தார் என்று சொன்ன பொய்: மெக்சிகோவில் என்றார், பார்த்தவர்கள் இத்தாலிய மலையில் பார்த்தார்கள்.

சோதனையில் சிக்கியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாம் ஒரே ரகம் அல்ல. லாண்டிஸ் 2006-ல் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதன் இணையான எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் 11-க்கு 1 காட்டினார், வரம்பு 4-க்கு 1. கார்பன் ஐசோடோப்பு சோதனையும் அது வெளியிலிருந்து வந்தது என்றது. சந்தேகத்துக்கு இடமில்லை. 2010 டூர் வென்ற ஆல்பெர்டோ கோன்டடோரிடம் கிடைத்த கிளென்புட்டரால் என்ற தடை மருந்து மில்லிக்கு 50 பிகோகிராம். வெற்றிக்கு உதவும் அளவல்ல. மருந்து கலந்துவிட்ட துணை உணவிலிருந்து வந்திருக்கலாம் என்றது விளையாட்டு நடுவர் மன்றம், ஆனாலும் எப்படி வந்தது என்று விளக்கும் பொறுப்பு வீரருடையது என்பதால் 2012-ல் பட்டம் பறிபோனது. ஃப்ரூமிடம் 2017-ல் கிடைத்தது ஆஸ்துமா மருந்தான சால்புட்டமால், மில்லிக்கு 2,000 நானோகிராம், வரம்பு 1,000. சிறுநீரின் அடர்த்தியைக் கணக்கில் எடுத்ததும் 1,429 ஆனது. 2018 ஜூலையில் வழக்கு கைவிடப்பட்டது. 'சிக்கினார்' என்ற ஒற்றைச் சொல்லில் இந்த மூன்றையும் அடைப்பது அநியாயம்.

போகாச்சர் மீது நேர்மையாக வைக்கக்கூடிய கேள்விகள் என்ன? அவர் மீது சோதனைத் தோல்வியோ கடவுச்சீட்டு வழக்கோ கிடையாது. அவருடைய அணியை நடத்தும் மௌரோ ஜானெட்டி, 2008 டூரில் இரண்டு வீரர்கள் இ.பி.ஓ.வின் புதிய வடிவத்தோடு சிக்கிய சானியே டுவல் அணியின் மேலாளராக இருந்தவர். இது பழைய உண்மை, கேட்க வேண்டிய கேள்வி. வீரர் மீதான ஆதாரம் ஆகாது. 2024-ல் அவருடைய அணி உட்படச் சில அணிகள் கார்பன் மோனாக்சைடு மூச்சுக் கருவி வைத்திருப்பது தெரியவந்தது. மலைப்பயிற்சியால் ரத்தம் எவ்வளவு கூடியது என்று அளப்பதற்கு என்றார்கள். அளக்க அது முறையான வழிதான். ஆனால் அதே வாயுவைத் தினமும் கொஞ்சம் இழுத்தால் உடலுக்கு ஆக்சிஜன் குறைந்து சிவப்பணு பெருகும். அளக்கும் கருவியே ஊக்கும் கருவியாக மாற ஒரு படிதான் தூரம். 2025 பிப்ரவரியில் யு.சி.ஐ. அதைத் தடை செய்து, மருத்துவ இடத்தில் அளவீட்டுக்கு மட்டும் அனுமதித்தது.

ஒரு அணி தன்னைச் சுத்தம் என்று சொன்னால் அதனிடம் கேட்க வேண்டியது சோதனைகளின் எண்ணிக்கையை அல்ல. ஹீமோகுளோபினின் செறிவோடு அதன் மொத்த எடையையும் வெளியிடச் சொல்ல வேண்டும். நீர் கூடினாலும் குறைந்தாலும் மொத்த எடை மாறாது. மூன்று வாரப் பந்தயத்தின் ரெட்டிகுலோசைட் வரிசையையும் தேதியோடு தரச் சொல்ல வேண்டும். மலையேற்றத்தின் வாட் பதிவு, மீட்டரின் வகையோடும் அன்றைய எடையோடும் வர வேண்டும். ஊசி, தடை மருந்தை நோய்க்காக எடுக்க வாங்கிய மருத்துவ விலக்கு, அணிக்கு வெளியே பார்க்கும் மருத்துவர் பெயர் ஆகியவை தனிப் பட்டியல். இவற்றை அன்றன்றைக்கே வெளியிடத் தேவையில்லை. சேகரித்த மாதிரிகளை 10 ஆண்டு வரை மறுசோதனை செய்யலாம் என்று விதி இருக்கிறது. அதே மாதிரி, பருவம் முடிந்ததும் இந்த எண்களை அணிக்குச் சம்பந்தமில்லாத ரத்தவியல் நிபுணர்கள் கையில் கொடுத்தாலே போதும். பெரிய அணிகள் வழக்கமாக அதைச் செய்வதில்லை. ஃப்ரூம் தரப்பு கொடுத்ததுகூட மலையேற்றப் பதிவுகளும் ஆய்வகச் சோதனையும்தான். கடவுச்சீட்டின் முழு வரிசை அதில் இல்லை.